பணிஸ் குடியிருந்த பரண்

பணிஸ் பால் குடிக்காது. கொடைக்கானல் பக்கத்து வடகவுஞ்சியில் யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். பால் குடிக்காத பூனையும் உலகத்தில் உண்டா என்பார்கள். காளியாயியும் முதலில் நம்பவில்லைதான். கிண்ணத்தில் பாலை ஊற்றி வைத்துவிட்டு அடுப்படி மூலையில் நின்று பார்த்தாள். பணிஸ் வந்து மோந்து பார்த்தது, முன்னங்காலை ஒருமுறை உதறியது, திரும்பிப் போய்விட்டது. அதற்கு வேண்டியது பால் விடாத வெறும் தேத்தண்ணி. அதுவும் சீனி தூக்கலாகப் போட்டு ஆறினதாக இருக்க வேண்டும். காளியாயியின் புருஷன் நாச்சிமுத்து காலையில் குடிக்கிற தம்ளரில் ஒரு மடக்கு மிச்சம் வைத்தாக வேண்டும். மறந்து குடித்துவிட்டாரோ, அவர் முழங்கையைத் தலையால் முட்டிக்கொண்டே இருக்கும். அடுத்த தம்ளர் வருகிற வரைக்கும் விடாது.

"அது பொறந்த எடம் அப்படி. நம்ம என்ன செய்ய முடியும்?" என்பார் நாச்சிமுத்து.

பிறந்த இடம் பெரும்பாறை காப்பித் தோட்டத்து லயம், தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற வரிசை வீடுகள். பூனையைக் கொண்டு வந்தவன் மருமகன் பிரதீப். அவன் ஆட்கள் தாத்தா காலத்தில் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறித் திரும்பி வந்தவர்கள். சுற்றியலைந்து பெரும்பாறையில் நிலைத்து இத்தனை வருஷமாகியும் பேச்சில் மட்டும் அந்தக் கரை கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. டீ அவர்களுக்குத் தேத்தண்ணி, பன் அவர்களுக்குப் பணிஸ். பூனை பேக்கரி பன் நிறத்தில் இருந்ததால் அதற்கும் அந்தப் பெயரே.

மகள் தாரணியைப் பெண் கேட்டு வந்த அன்று அவன் பூவோடு பழத்தோடு வரவில்லை. சட்டைப் பொத்தானைக் கழற்றி உள்ளேயிருந்து ஒரு குட்டியை எடுத்தான். 'பிள்ளை விரும்பிவிட்டாள், வேறு வழியில்லை' என்று முகத்தைத் தூக்கி வைத்திருந்த காளியாயியின் மடியில் விட்டான்.

"உங்க பிள்ளைய நான் கூட்டிட்டுப் போகப் போறேன் அத்தே. சும்மா கூட்டிட்டுப் போகப்படாது. இத வச்சுக்கங்க" என்றான்.

நாச்சிமுத்து சிரித்துவிட்டார். அவர் சிரித்ததும் பேச்சு முடிந்த மாதிரிதான். காளியாயி மட்டும், "நல்ல மாத்துச் சாமான் கொண்டாந்தாரு மாப்பிள்ளை" என்று முனகிக்கொண்டே குட்டியை முந்தானையால் மூடினாள். மூடின கை பிறகு எடுபடவில்லை.

பணிசின் அழும்புகளை எழுதினால் எழுதிக்கொண்டே போகலாம். வேகவைத்த சௌசௌ என்றால் உயிரை விடும். மழை பிடித்தால் நாச்சிமுத்து விரித்துக் காய வைத்த குடைக்கடியில் போய் உட்கார்ந்துகொள்ளும், வீட்டுக்குள்தான் இருக்கிறோம் என்கிற நினைப்பே கிடையாது. காலையில் கம்பளியை மடிக்க விடாது. ஆள் எழுந்த சூட்டில் அது ஒரு தூக்கம் போட்ட பிறகுதான் மடிக்கலாம். ராத்திரிச் சோறு முடிந்து காளியாயி அடுப்பு முன்னால் உட்கார்ந்து பீன்ஸ் நார் எடுக்கிற நேரத்துக்குச் சரியாக மடிக்கு வந்துவிடும்.

மற்ற நேரமெல்லாம் அதற்குப் பரண்தான் வீடு. மலைப்பூண்டை அறுத்ததும் எல்லாவற்றையும் விற்றுவிட மாட்டார்கள். விதைக்கு வேண்டியதைத் தாளோடு சேர்த்து முடிந்து கட்டுக் கட்டாக அடுப்புக்கு மேலே பரணில் அடுக்குவார்கள். மாதக்கணக்கில் புகை குடித்த பிறகுதான் அது விதைப்பூண்டு. அதற்காகவே, காஸ் அடுப்பு வந்த பிறகும் காளியாயி விறகடுப்பை விடவில்லை. வெளியே மேகம் இறங்கி எதிரே நிற்கிற ஆள் தெரியாத ஊரில் அந்தச் சூட்டை விட்டு எந்தப் பூனை இறங்கும்? பணிசை மடியில் எடுத்தால் முடியெல்லாம் பூண்டும் புகையுமாக ரசவாசம் அடிக்கும்.

ஐப்பசி பிறக்கும் முன்னே தாரணி பிரசவத்துக்கு வந்து சேர்ந்தாள். இது அவளுக்கு இரண்டாவது. இரண்டு வருஷத்துக்கு முன்பு தங்கியது ஆறாம் மாதத்தில் இல்லாமல் போனது. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. ஆனால் காளியாயி வாசலில் வண்டிச் சத்தம் கேட்டாலும் பதறினாள், போன் அடித்தாலும் பதறினாள். மகள் தும்மினால் கூட வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். இந்தப் பிள்ளை நல்லபடியாகக் கைக்கு வர வேண்டும். அதைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பில்லை.

தாரணி வந்த நாளிலிருந்து பணிஸ் அவள் கட்டிலுக்கு இடம் மாறியது. அவள் ஒருக்களித்துப் படுத்தால் வயிற்றோடு ஒட்டிப் படுத்து, முன்னங்கால் இரண்டையும் வயிற்றில் வைத்து மாவு பிசைகிற மாதிரி பிசையும். உள்ளேயிருந்து ஒரு உதை வரும். பணிஸ் காதைத் தூக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் அசையாமல் பார்க்கும். பிறகு மறுபடி ஒரு காலை மெதுவாக வைத்துப் பார்க்கும்.

"நீங்க ரெண்டு பேரும் இப்பவே சண்டைய ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று தாரணி சிரிப்பாள்.

பணிசுக்கும் அப்போது வயிறு பெருத்துத்தான் இருந்தது. ஒருநாள் கட்டிலுக்கு வரவில்லை. நாச்சிமுத்து ஏணி போட்டுப் பரணை எட்டிப் பார்த்தார். விதைப்பூண்டுக் கட்டுகளுக்குப் பின்னால் மூலையில் மூன்று குட்டிகள் கிடந்தன, தாய் நிறத்திலேயே.

அங்கேதான் வம்பு தொடங்கியது. மழை பெய்து மண் பதமாக இருந்தது. அக்கம்பக்கத்தில் எல்லாரும் பாத்தி பிடித்து விதை ஊன்றத் தொடங்கிவிட்டார்கள். நாச்சிமுத்துவும் ஆள் சொல்லிவிட்டார்.

"நாளைக்கு ஆள் வருது புள்ள. விதைய எறக்கி இன்னைக்கே பல்லு ஒடைச்சு வச்சாத்தான் சோலி ஆகும்."

"பரணத் தொடக் கூடாது" என்றாள் காளியாயி.

"தொடாம எப்படி ஊன்றது?"

"எனக்குத் தெரியாது. அது பிள்ளை பெத்துக் கெடக்கு. இங்க ஒருத்தி பெறப் போறா. அத இப்போ அசைக்கக் கூடாதுங்க."

"ஈரம் போயிருச்சுன்னா அடுத்த போகத்துக்குத்தான் பார்க்கணும். வருசம் பூரா நீயும் நானும் சௌசௌவத் தின்னுட்டுக் கெடக்கலாம், ஒன் பூனை மாதிரி."

"கெடப்போம். ஒண்ணும் கொறஞ்சு போயிற மாட்டோம்."

நாச்சிமுத்துவுக்கு விளங்கவில்லை. எத்தனையோ தடவை கோழி அடை கிடக்க, ஆடு குட்டி போட, விதை ஊன்றியிருக்கிறார்கள். இவள் இப்படி ஒற்றைக் காலில் நின்றதில்லை. பிள்ளைப்பேறு பயம் என்று நினைத்துக்கொண்டார். அவள் தண்ணீர்க் குழாய்க்குப் போன நேரம் பார்த்து ஏணியைப் போட்டார். மூலையைத் தொடாமல், முன்பக்கத்துக் கட்டுகளை மட்டும் சத்தமில்லாமல் இறக்கினார். பணிஸ் குட்டிகளைக் காலுக்குள் அணைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

காளியாயி குடத்தோடு வந்து பார்த்தாள். முற்றத்தில் கட்டுகள் கிடந்தன.

"அந்த மூலைப் பக்கமே நான் போகல புள்ள, சத்தியமா."

"நீங்க போகல. அது பார்த்துச்சுல்ல? மறைப்பு போச்சுல்ல?" அவள் குடத்தைக்கூட இறக்கவில்லை. "இனி ஏழு வீடு மாத்தாம விடாது. எந்த மழையில, எங்க கொண்டு போய்ப் போடப் போகுதோ."

அன்று முழுக்க அவள் அவரோடு பேசவில்லை. சோற்றை வைத்தாள், குழம்பை ஊற்றினாள், வாயைத் திறக்கவில்லை. பரணின் முன்பக்கம் ஒரு பழைய சாக்கைக் கட்டித் தொங்கவிட்டு மறைப்பு செய்தாள்.

மறுநாள் வெள்ளனே, ஆட்கள் முற்றத்தில் பூண்டுப் பல் உடைக்க உட்கார்ந்த நேரத்தில், தாரணிக்கு வலி கண்டது. சொல்லியிருந்த நாளுக்கு முன்னாலேயே வந்துவிட்டது. நாச்சிமுத்து போனைப் போட்டார்; பங்காளி மகன் சந்தோஷ்குமார் ஜீப்பைக் கொண்டு வந்து நிறுத்தினான். பெரும்பாறைக்கும் சொல்லியாயிற்று, பிரதீப் பைக்கில் கிளம்பிவிட்டான். காளியாயி ஒரு கையில் மகளையும் ஒரு கையில் துணிப்பையையும் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

அந்தத் துணிப்பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிறக்கிற பிள்ளையைச் சுற்றுவதற்குப் பழைய நூல் சேலைகளைக் கிழித்துத் துவைத்து அவள் முந்தின வாரமே மடித்து வைத்திருந்தாள். மேகம் இறங்குகிற காலத்தில் எந்தத் துணியும் காயாது; காய்ந்ததுகூட நமுத்துப் போகும். அதனால் பையை வாய் திறந்தபடி அடுப்போரத் திட்டில் வைத்திருந்தாள். அங்கே வைக்கிற எதுவும் பரணைப் போலவே சூடாக இருக்கும், பரணைப் போலவே மணக்கும். எல்லாம் யோசித்துச் செய்கிறவள், இதை மட்டும் யோசிக்கவில்லை.

ஜீப் பெருமாள்மலை ரோட்டில் ஏறியது. கண்ணாடிக்கு முன்னால் வெள்ளையாக மேகம். சந்தோஷ்குமார் லைட்டைப் போட்டு, வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்துக்கொண்டு போனான்.

"வெரசாப் போடா" என்றார் முன்சீட்டிலிருந்து நாச்சிமுத்து.

"இதுல வெரசாப் போனா ஆஸ்பத்திரிக்கு நம்ம எல்லாரையும்தான் தூக்கிட்டுப் போகணும் பெரியப்பா."

அப்போது காளியாயி மடியில் இருந்த பை அசைந்தது. வண்டி குலுங்குகிறது என்று நினைத்தாள். பிறகு பைக்குள்ளிருந்து மெல்லிசாக ஒரு சத்தம் வந்தது.

கையை விட்டுப் பார்த்தாள். சேலைத் துணிக்கு நடுவில், கண் திறக்காத ஒரு குட்டி.

வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த தாரணிக்கு முதலில் சிரிப்பு வந்தது. "ஐயோ, பணிஸ்! ஒனக்கு இந்தப் பைதான் கெடைச்சுதா?"

காளியாயி சிரிக்கவில்லை. தாய் இந்தக் குட்டியை முதலில் கொண்டு வந்து போட்டிருக்கிறது. அடுத்ததை எடுக்கப் பரணுக்குப் போயிருக்கிறது. அந்த நேரத்தில் இவள் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். இப்போது அது அடுத்த குட்டியை வாயில் கவ்விக்கொண்டு அந்தத் திட்டில் நிற்கும். அவளுக்கு அது கண்ணுக்கு முன்னால் தெரிந்தது.

"ஏலே சந்தோசு, வண்டியத் திருப்பு."

"என்ன பெரியம்மா வெளயாடுறீங்க?"

"திருப்புடாங்கிறேன். தாய வேற புள்ளைய வேறயாப் பிரிச்சுட்டு நான் பிரசவத்துக்குப் போக மாட்டேன்."

"கூறு கெட்டுப் போச்சா ஒனக்கு?" நாச்சிமுத்து திரும்பிக் கத்தினார். "நம்ம புள்ள வலியில துடிக்குது. பெருமாள்மலையில டீக்கடையில குடுத்துட்டுப் போவோம், சாயங்காலம் வாங்கிக்கலாம்."

"பால் குடிக்கிற புள்ளைங்க அது! சாயங்காலம் வரைக்கும் இருக்குமா? வேண்டாங்க. இன்னொரு தடவை வேண்டாங்க."

"இன்னொரு தடவையா?"

காளியாயி குட்டியை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். ரெண்டு வருஷமாகப் பூட்டி வைத்திருந்தது அந்த ஜீப்பில் வைத்துத்தான் வெளியே வந்தது.

"அந்த வருசம் நான்தான் வெரட்டுனேன். பணிசு மொத ஈத்துக்கும் அந்தப் பரண்லதான் குட்டி போட்டிருந்துச்சு. விதை எறக்கணும்னு, வெளக்கமாத்தால அடிச்சு வெரட்டிட்டேன். அடமழை. ஒவ்வொரு குட்டியாக் கவ்விக்கிட்டு மாட்டுக் கொட்டத்துக்குப் போச்சு. விடிஞ்சு பார்த்தா ஒண்ணுமில்ல. மரநாய் தூக்குச்சோ, நனைஞ்சு செத்துச்சோ. தாயி மட்டும் கத்திக்கிட்டு வீட்டச் சுத்துச்சு. அந்த வாரமே மாப்பிள்ளை போன் பண்ணாரு, ஒனக்கு இப்படி ஆயிருச்சுன்னு. நான் செஞ்ச பாவம் ஒன் வயித்துல போய் விழுந்துருச்சு தாரணி."

நாச்சிமுத்து சீட்டில் முழுக்கத் திரும்பி உட்கார்ந்தார். "ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லலியே புள்ள" என்றார். "சொல்லியிருந்தா நான் அந்தப் பரணத் தொட்டிருப்பேனா?"

தாரணிக்கு ஒரு வலி வந்து போனது. அது அடங்கும்வரை அம்மாவின் கையை நெரித்துப் பிடித்திருந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டு பேசினாள்.

"அம்மா, அப்போ நான் வந்து நம்ம வீட்டுல கெடந்தேன்ல, ஒரு மாசம். யாருகூடயும் பேசாம. அப்ப எங்கூடப் படுத்துக் கெடந்தது யாரு?"

காளியாயி குட்டியின் மேல் முந்தானையை இழுத்து மூடினாள்.

"பணிசுதான். மொத நாளே கட்டில்ல ஏறி என் வயித்து மேல படுத்துச்சு. எனக்கும் புள்ளை இல்ல, அதுக்கும் புள்ளை இல்ல. அதுக்குப் பால் கட்டியிருந்துச்சும்மா, நான் பார்த்தேன். அது பிசையப் பிசையத்தான் எனக்கு அழுகையே வந்துச்சு. அழுதப்புறந்தான் சோறு எறங்குச்சு. பாவத்தக் கொண்டாந்து போடுற பூனையா அது?"

"நான் அடிச்சேனே தாரணி."

"அடிச்ச. தப்புதான். யாரு இல்லேன்னா? நான் வந்து கெடந்தப்பவும் அது ராத்திரியானா ஒன் மடிக்குத்தான வந்துச்சு? இந்த ஈத்து போடுற வரைக்கும் ஒன் மடியிலதான படுத்துச்சு? எனக்கு நடந்தது எனக்கு நடந்தது. அத அது தலையில கட்டாத. ஒன் தலையிலயும் கட்டிக்காத." பிறகு வலி மறுபடி வந்துவிட்டது. அவள் பேச்சை நிறுத்தி, "அம்மா, கையக் குடு" என்று மட்டும் சொன்னாள்.

காளியாயி ஒரு கையை மகளுக்குக் கொடுத்தாள். மறு கை குட்டியின் மேல் இருந்தது.

பெருமாள்மலைப் பிரிவில் பிரதீப் பைக்கை நிறுத்திவிட்டு, தோளும் கையும் நனைந்த சட்டையோடு நின்றான். ஜீப்பைப் பார்த்ததும் ஓடி வந்தான்.

"ஊத்துப் பக்கம் மரம் விழுந்து கெடந்துச்சு அத்தே, அதான் சுணங்கிட்டேன். தாரணி, எப்படி இருக்கு? நான் பின்னாலேயே வாரேன். போங்க, போங்க."

"நீங்க பின்னால வர வேண்டாம்" என்றாள் தாரணி.

அவன் விழித்தான். அவள் அம்மாவின் முந்தானையை விலக்கிக் காட்டினாள்.

"இத வெரசாக் கொண்டு போய்ப் பணிசுக்கிட்ட விட்டுட்டு வாங்க. தேடிக்கிட்டுக் கெடக்கும்."

"இப்பவா? நீ இங்க இப்படி..."

"நீங்க வந்து என்ன செய்யப் போறீங்க, ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு நகத்தக் கடிப்பீங்க. இது செய்யுற வேல. போங்க."

பிரதீப் மாமனாரைப் பார்த்தான். அவர், "சொன்னதச் செய்யுங்க மாப்பிள்ளை, இன்னைக்கு அவ ராஜ்யம்" என்றார். கடைசியாக மாமியாரைப் பார்த்தான். அவள் குட்டியை இரண்டு கையாலும் எடுத்து நீட்டினாள். அவளுடைய கண்ணைப் பார்த்ததும் அவன் கேள்வி கேட்பதை விட்டுவிட்டான். சட்டைப் பொத்தானைக் கழற்றினான். உள்பனியன் நனையாமல் இருந்தது. குட்டியை நெஞ்சோடு வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, முதல்முதலாக அந்த வீட்டுக்கு வந்த மாதிரியே, வடகவுஞ்சி ரோட்டில் போனான்.

கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் தாரணியை உடனே உள்ளே கொண்டு போனார்கள். நாச்சிமுத்து பெஞ்சில் உட்கார்ந்தார். காளியாயி உட்காரவில்லை. குட்டி போட்ட பூனை மாதிரி அலையாதே என்று நாம் யாரையும் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அன்று அந்தப் பெண்பிள்ளை கதவுக்கும் ஜன்னலுக்குமாக அலைந்ததைப் பார்த்தவர்கள் அதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். அவள் மனசில் இரண்டு தாய் இருந்தார்கள், ஒருத்தி கதவுக்கு அந்தப் பக்கம், ஒருத்தி மலைக்கு அந்தப் பக்கம்.

"உக்காரு புள்ள" என்றார் நாச்சிமுத்து. கொஞ்சம் தள்ளி இடம் விட்டார். "விதைய எறக்குனது நான். அடிச்சது நீ. ரெண்டு பேரும் பங்கு போட்டுக்குவோம். உக்காரு."

அவள் உட்கார்ந்தாள். முந்தின நாளுக்குப் பிறகு அவர் பக்கத்தில் அப்போதுதான் உட்கார்ந்தாள்.

கதவு திறந்து நர்ஸ் வந்து துணி கேட்டார். காளியாயி பையை அப்படியே கொடுத்தாள். நர்ஸ் ஒன்றை எடுத்து உதறி மூக்கைச் சுளித்தார். "என்னம்மா இது, துணியெல்லாம் பூண்டு வாசம்?"

"சுத்தமாத் துவைச்சதுங்க. மேல ஒண்ணு மட்டும் வேண்டாம், அத எடுத்துருங்க. கீழ இருக்குறத எடுத்துக்கங்க" என்றாள் காளியாயி. மேலே இருந்ததில் யார் படுத்திருந்தார்கள் என்று சொல்லவில்லை. நர்சும் கேட்கவில்லை.

பிறகு ஒரு அழுகைச் சத்தம் கேட்டது. நல்ல கனமான அழுகை. நாச்சிமுத்து எழுந்து நின்று, எதற்கென்று தெரியாமல் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார்.

காளியாயியை உள்ளே விட்டார்கள். புகைவாசம் அடிக்கிற சேலைத் துணியில் சுற்றி, தாரணியின் நெஞ்சின் மேல் போட்டிருந்தார்கள். சிவந்து சுருங்கின முகம். கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு குட்டிக் கையாலும் தாயின் மாரைப் பிசைந்துகொண்டிருந்தது. காளியாயி பார்த்துக்கொண்டே நின்றாள். தொடக்கூடத் தோன்றவில்லை.

இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. பதறாமல் எடுத்தாள்.

"அத்தே, வந்து சேந்துட்டேன்." பிரதீப்புக்கு மூச்சு இரைத்தது. "பாவம் அத்தே, பை இருந்த திட்டுலயே படுத்துக் கெடக்கு. மத்த ரெண்டையும் அங்கயே கொண்டாந்து போட்டு வச்சிருக்கு. இதக் கீழ விட்டதும் கவ்வி இழுத்து நக்கு நக்குன்னு நக்குது. உங்களுக்கு வெளங்குதா? தாய்கிட்ட விட்டாச்சு அத்தே."

காளியாயி மகளைப் பார்த்தாள். மகள் நெஞ்சில் கிடந்ததைப் பார்த்தாள்.

"இங்கயும் தாய்கிட்ட விட்டாச்சுங்க மாப்பிள்ளை" என்றாள்.